ஆறு மாதமா, இரண்டு வருடமா

“ஆறு மாசம் போடட்டுமா, ரெண்டு வருசம் போடட்டுமா மேடம்?”

கார் லீஸ் கம்பெனியிலிருந்து போனில் பேசிய பெண் இப்படித்தான் கேட்டாள். இட்லியா பொங்கலா என்று கேட்கிற குரல். அவள்மேல் தப்பில்லை. என் கார் லீஸ் முடியப் போகிறது. நீட்டிக்கிறேனா, நீட்டித்தால் எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டு வைப்பது அவள் வேலை. கேன்டீனில் தயிர்சாதத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். “யோசிச்சுச் சொல்றேம்மா” என்று போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

ஒரு சாதாரணக் கேள்விக்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதற்கு முதலில் கார் வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு அரியலூரில். நான் வேலை பார்ப்பது பெரம்பலூரில், ஒரு டயர் தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில். பல வருடம் பஸ்ஸில் தொங்கித் தொங்கி இடுப்பு விட்டுப்போயிருந்த சமயத்தில், எலெக்ட்ரிக் காரை லீஸுக்குத் தருகிறோம் என்று எங்கள் தொழிற்சாலையில் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். வண்டி நமக்குச் சொந்தமில்லை. மாதா மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், மூன்று வருடம் முடிந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். முதல் ஆளாகப் போய்க் கையெழுத்துப் போட்டேன். என் வீட்டுக்காரர் செந்துறைப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார், பைக்கில் போய்வருபவர். நான் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தபோது, “வாடகை வண்டிக்கு இவ்ளோ பூசையா!” என்று கேலி செய்தார். சொந்தமோ வாடகையோ, உள்ளே உட்காரப்போவது நான்தானே என்றேன்.

அம்மா போன பிறகு அப்பா எங்களோடுதான் இருக்கிறார். உடம்பில் தெம்பு இருந்த காலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். கார் வந்த அன்றைக்கு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் உள்ளே உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினேன்.

“என்ன பாப்பா, ஸ்டார்ட் பண்ணலியா?” என்றார்.

“ஓடிக்கிட்டுதாம்ப்பா இருக்கு.”

குனிந்து பானட்டில் காதை வைத்துப் பார்த்தார். “அடப்பாவி, சரியான ஊமக்கோட்டானால்ல இருக்கான்!”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காருக்கு ஊமைக்கோட்டான் என்றே பெயர். எனக்கு ஐம்பது வயதாகிறது, இன்னும் நான் அப்பாவுக்குப் பாப்பாதான்.

போன வருடம் அப்பாவின் நுரையீரல் கைவிட்டுவிட்டது. கல் தூசிதான் காரணம் என்று நான் சொல்வேன். பீடிதான் காரணம் என்று அவர் சொல்வார். பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வாரே தவிர லாரியை விட்டுக்கொடுக்க மாட்டார். அவருடைய அறையில் ஓர் ஆக்ஸிஜன் மெஷின் வந்து உட்கார்ந்தது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். பகலும் இரவும் புஸ்ஸு புஸ்ஸு என்று ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாம் கரண்ட் இருக்கிற வரைக்கும்தான்.

இங்கேதான் ஷட்டவுன் வருகிறது. பராமரிப்பு வேலை என்று மாதத்துக்கு ஒருநாள் காலையில் கரண்ட்டை நிறுத்தினால் சாயங்காலம்தான் கொடுப்பார்கள். எந்தப் பகுதிக்கு என்றைக்கு என்று முதல்நாள் பேப்பரில் போடுவார்கள். மற்ற வீடுகளில் அது மிக்ஸி ஓடாத நாள், சட்னியை முன்னாடியே அரைத்து வைத்தால் தீர்ந்தது. எங்களுக்கு அது அப்பாவின் மெஷின் ஓடாத நாள். வீட்டு இன்வெர்ட்டர் அந்த மெஷினைக் கொஞ்ச நேரம் இழுக்கும், அப்புறம் கீச் கீச்சென்று கத்தி நின்றுவிடும். அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் இருக்கிறது. அதுவும் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

காப்பாற்றியது ஊமைக்கோட்டான்தான். சார்ஜ் போடுகிற இடத்தில் ஓர் அடாப்டரைச் செருகினால் காரிலிருந்தே கரண்ட் எடுக்கலாம். ஷட்டவுன் நாளன்று லீவு போட்டுவிடுவேன். காரை அப்பாவின் ஜன்னலை ஒட்டி நிறுத்தி, ஒயரை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து மெஷினை ஓட்டுவேன். முதல்முறை இதைப் பார்த்த எதிர்வீட்டு அக்கா தெருவே கேட்கும்படி சொன்னார்: “ஊரு உலகத்துல வூட்டுலேருந்து காருக்குக் கரண்டு போவும். இவங்க வூட்டுலதான் காருலேருந்து வூட்டுக்குப் போவுது!” அப்பாவுக்கு ஒரே பெருமை. “நான் ஓட்டுன வண்டியெல்லாம் கல்லத்தான் கொண்டாந்துச்சு. இவன் மூச்சக் கொண்டாறான்” என்றார்.

போன மாதம் பெரம்பலூரில் டாக்டர் அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு, என்னையும் வீட்டுக்காரரையும் தனியாக உள்ளே கூப்பிட்டார். பிளட் டெஸ்ட், எக்ஸ்ரே என்று என்னென்னவோ சொன்னார். கடைசியில், “ஒரு ஆறு மாசம். அதுக்கு மேல கெடைச்சா கடவுள் குடுத்ததுன்னு வச்சுக்குங்க” என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவர் மேசைமேல் இருந்த காலண்டரைப் பிடுங்கி எறிந்திருப்பேன். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பாவிடம், “மாத்திரைய மாத்தியிருக்காரு, அவ்ளோதான்” என்று சொல்லி அழைத்து வந்தோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு அவர் வாயில் புதிதாக ஒரு பேச்சு வந்து ஒட்டிக்கொண்டது. “இனிமே எதுக்கு.” புது வேட்டி எடுக்கலாமா என்றால், இனிமே எதுக்கு. மூக்குக்கண்ணாடி கீழே விழுந்து ஒரு பக்கம் விரிசல் விட்டுவிட்டது, கடைக்குப் போகலாமா என்றால், இனிமே எதுக்கு. பேப்பரைத் திருமண விளம்பரம்வரை விடாமல் படிக்கிற மனிதர், படிப்பதையே நிறுத்திவிட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி, “நீங்க கட்டிக்குங்க மாப்ள” என்று என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். அவர் அதை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் நெடுநேரம் நின்றார்.

இந்த நிலைமையில்தான் அந்தப் பெண் ஆறு மாசமா, ரெண்டு வருசமா என்று கேட்டாள். நடுவில் ஒன்றும் கிடையாதாம். ஒரு தடவைதான் நீட்டிப்பார்களாம். ஆறு மாதம் என்றால் ஆறாவது மாதம் வண்டி போய்விடும், இன்னொரு முறை கேட்க முடியாது. இரண்டு வருடம் என்றால் வேண்டாவிட்டாலும் இரண்டு வருடமும் கட்டியே ஆக வேண்டும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுவென்று பேசினோம்.

“காருக்குப் பேட்டரி முன்ன மாதிரி இல்ல. ஒருதடவ சார்ஜ் போட்டா ரெண்டு நாளைக்கு மேல வரமாட்டேங்குது. குடுத்துட்டு, சொந்தமா ஒரு பெட்ரோல் வண்டி எடுத்துக்கலாம். மாமாவுக்குப் பெரிய இன்வெர்ட்டர் போட்டுடலாம்” என்றார்.

“போன மழைக்கு ரெண்டு நாள் கரண்ட் இல்லாமக் கெடந்தோமே. எந்த இன்வெர்ட்டர் தாங்கும்?”

“ஜெனரேட்டர்...”

“அந்தப் புகையில அவர உக்கார வைக்கச் சொல்றீங்களா?”

“சரி, நீட்டிச்சுக்கலாம். கோவப்படாமக் கேளு. ஆறு மாசம் போதும். ரெண்டு வருசத்துக்குப் போட்டுட்டு, நடுவுல...” என்று இழுத்தார்.

“நடுவுல? நடுவுல என்ன? சொல்லுங்க.”

“ஒண்ணுமில்ல.”

“இல்ல, சொல்லுங்க. நடுவுல என்ன ஆவும்?”

“ஆள வுடு தாயி” என்று எழுந்து போய்விட்டார். பாவம், அவர் கணக்கு வாத்தியார். கணக்கை முடிக்க அவருக்கும் வாய் வரவில்லை.

எங்கள் வீட்டில் வளர்ந்த விதம் அப்படி. விளக்கை அணை என்று சொன்னால் அம்மாவிடம் அடி விழும், குளிர வை என்றுதான் சொல்ல வேண்டும். அரிசி தீர்ந்துபோனால் தீர்ந்துபோச்சு என்று சொல்லக் கூடாது, நிறைஞ்சு போச்சு என்று சொல்லி அனுப்புவார். கடைக்குக் கிளம்பினாலும் போறேன் என்று வாய் தவறக் கூடாது, போயிட்டு வரேன். இத்தனைக்கும் நான் எம்.எஸ்ஸி. படித்தவள். தினமும் மைக்ரோமீட்டர் வைத்து ரப்பரின் தடிமனை அளக்கிறவள். எனக்கா இந்த மூடநம்பிக்கை என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன். ஒன்றும் பலிக்கவில்லை. ஆறு மாதம் என்று என் வாயால் ஒருத்தியிடம் சொல்லி, அவள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால், அப்பாவுக்கு நானே நாள் குறித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். இரண்டு வருடம் என்று சொல்லவும் பயந்தேன். பேராசைப்பட்டால் கண்பட்டுவிடுமோ என்று. அப்புறம் அவர் இல்லாத வீட்டு வாசலில் அந்த வண்டி மட்டும் நிற்கிற காட்சி தோன்றும். அப்படி ஒரு காட்சியை மனதுக்குள் பார்த்ததற்காக என்மேலேயே எனக்கு அருவருப்பு வரும்.

வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அந்த வாரம் முழுக்க நான் நானாக இல்லை. குழம்பில் உப்பை இரண்டு முறை போட்டேன். பேப்பர் வந்து நாற்காலியில் மடித்தபடியே கிடந்தது, நானும் எடுத்துப் பிரிக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேனே ஒழிய, சார்ஜ் போட மறந்துபோனேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பும்போதுதான் சார்ஜ் குறைவாக இருப்பதைப் பார்த்தேன். போய்த் திரும்பும் அளவுக்கு இருந்தது. சரி, சாயங்காலம் போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். பெரம்பலூர் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். அப்பா போன் செய்தார். அவர் பகலில் போன் செய்கிற ஆளே இல்லை.

“பாப்பா, கரண்டு போயிடுச்சு. ஷட்டவுனாம், எதிர்வூட்டுல சொல்லுது. இன்வெர்ட்டர்ல ஓடுது. ஒண்ணும் அவசரமில்ல” என்றார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கினார்.

அப்பா அவசரமில்லை என்று சொன்னால் அவசரம் என்று அர்த்தம். அவர் லாரி ஆக்ஸில் முறிந்து ரோட்டில் கிடந்தபோதும் அம்மாவிடம் அதையேதான் சொன்னார்.

மடித்தபடி கிடந்த பேப்பர்தான் கண்முன்னால் வந்தது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை, வகுப்பில் இருந்திருப்பார். எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு அப்பா பக்கத்தில் போய் உட்காரச் சொன்னேன். மேலதிகாரியிடம் பாதி வாக்கியம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அந்தப் பயணத்தை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது. வேகமாகப் போனால் சீக்கிரம் போகலாம், ஆனால் சார்ஜ் கரையும். அப்புறம் மெஷினை எதில் ஓட்டுவது? கொஞ்சம்போல மிச்சமிருந்தால் இந்தக் கார் வெளியே கரண்ட் தராது, தன் உயிரைத் தான் பிடித்துக்கொள்ளும். மெதுவாகப் போனால் சார்ஜ் மிஞ்சும். அதற்குள் அங்கே இன்வெர்ட்டர் நின்றுவிடும். காலை அழுத்துவேன், திரையில் எண் இறங்கும், பதறிப்போய்க் காலை எடுப்பேன். ஏ.சி.யை நிறுத்தினேன். வெயில் கண்ணாடி வழியாக முகத்தில் அறைந்தது. முன்னால் கல் லாரிகள் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன. முந்தலாமா என்று வெளியே எடுத்தால் எதிரே இன்னொரு லாரி. “நகருங்கடா, உங்க ஆளுதான்டா அங்க மூச்சில்லாம உக்காந்திருக்காரு!” என்று கத்தினேன். கண்ணாடி ஏற்றியிருந்தது, யாருக்குக் கேட்கும்? அழுகை வந்தது. அழுதால் ரோடு தெரியாது என்று அதையும் அடக்கினேன். வழி முழுக்க முருகனைக் கூப்பிட்டேன், நடுநடுவே அவனையும் திட்டினேன்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது உள்ளே புஸ்ஸு புஸ்ஸு சத்தம் இல்லை. இன்வெர்ட்டர் நின்றுவிட்டிருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அப்பா கட்டிலில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் சிலிண்டர் குழாய். அக்கா விசிறிக்கொண்டிருந்தார். அப்பாவின் உதடு கறுத்திருந்தது.

“சிலிண்டரு முள்ளு கீழ வந்துடுச்சு, சீக்கிரம்!” என்றார் அக்கா.

அடாப்டரைச் செருகினேன். அவசரத்தில் முதலில் சரியாக உட்காரவில்லை. எடுத்து மறுபடி செருகி, ஒயரை ஜன்னலுக்குள் தள்ளினேன். அக்கா வாங்கி மெஷினில் மாட்டினார். பீப் என்று ஒரு சத்தம். புஸ்ஸு. அப்புறம் இன்னொரு புஸ்ஸு. அந்தச் சத்தத்துக்கு நான் என் சொத்தையே எழுதி வைத்திருப்பேன். அப்பாவின் விரலில் மாட்டியிருந்த கருவியில் எண் ஒவ்வொன்றாக ஏறியது. கார் திரையைப் பார்த்தேன். சாயங்காலம்வரை தாங்கும். மெஷின் அதிகம் இழுக்காது.

அக்கா காபி போடக் கிளம்பினார். நான் ஜன்னலுக்குக் கீழே, அப்படியே சிமென்ட் தரையில், காரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அப்போது போன் அடித்தது. வீட்டுக்காரராக இருக்கும் என்று பெயரைக்கூடப் பார்க்காமல் ஸ்பீக்கரில் போட்டேன்.

“குட் மார்னிங் மேடம். லீஸ் எக்ஸ்டென்ஷன் விஷயமா பேசறேன். ஆறு மாசமா, ரெண்டு வருசமான்னு நீங்க இன்னும் சொல்லல. இன்னிக்குத்தான் மேடம் கடைசி நாள்.”

கடைசி நாளா! வாயைக் கழுவு என்று சொல்ல வந்தது. அதற்குப் பதிலாக நான் கத்தினேன். “ரெண்டு வருசம்! ரெண்டு வருசம் போடும்மா. நல்லாக் கேட்டுக்க, ரெண்டு வருசம்!”

“ஓகே மேடம், கன்ஃபர்ம் பண்ணிடறேன்” என்றாள். அவ்வளவுதான். ஒரு வாரமாக என் உயிரை எடுத்த விஷயம் அத்தோடு முடிந்தது. சரியா தப்பா என்று யோசிக்கவே நேரமில்லை. இப்போதும் யோசித்தால் பயம்தான் வருகிறது. கண்பட்டுவிடக் கூடாதே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

தலைக்கு மேலே, ஜன்னலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. ஒயர் போவதற்காக ஜன்னல் திறந்தே இருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“ரெண்டு வருசமா பாப்பா?”

எழுந்து நின்றேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் முகம். உதட்டில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. “ஆமாம்ப்பா” என்றேன்.

“அந்தப் பொண்ணு ஆறு மாசம்னும் சொல்லிச்சே.”

நான் ஒயரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தேன்.

“டாக்டரும் அதத்தான சொன்னாரு.”

“உங்களுக்கு யாருப்பா சொன்னா?”

“யாரு சொல்லணும்? மாப்ள மொகத்துல எழுதி ஒட்டியிருந்துச்சே” என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இனிமே எதுக்கு பாப்பா என்று சொல்லப்போகிறார், நான் உடைந்துவிடப் போகிறேன் என்று காத்திருந்தேன். அவர் தலையணைக்கு அடியில் கைவிட்டு, விரிசல் விட்ட மூக்குக்கண்ணாடியை எடுத்தார். அதை ஒருமுறை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுக் கம்பி வழியாக என்னிடம் நீட்டினார்.

“ரெண்டு வருசத்துக்கு ஒன்ன நம்பி மூச்சு வுட முடியாது. மொதல்ல இத மாத்திக் குடு. இனிமே ஷட்டவுனு என்னிக்குன்னு பேப்பர்ல நானே பாத்துக்கறேன்.”